சனிக்கிழமை ரீச்சருக்கு 40 சொல் எழுத வேணும், உதவி செய்யுங்கோ

பனங்கொட்டை | வியாழன் இரவு 10:12

வணக்கம் எல்லாருக்கும், கனகாலத்துக்குப் பிறகு புது இழை ஒண்டு துறக்கிறன், அரசியல் இல்லை பயப்பிடாதேங்கோ.

கனடாவில, ஸ்காபுரோவில மார்க்கம் ரோட்டுப் பக்கம் நான் சனிக்கிழமை தமிழ் படிச்ச பள்ளிக்கூடத்தில எங்கட ரீச்சரின்ர படம் ஒண்டு கொழுவப் போகினம், லைப்ரரிக்கு வெளிச் சுவரில. ரீச்சர் போன மாசியில தவறிட்டா. 1998 இல இருந்து 2017 மட்டும் அதே பள்ளிக்கூடம், அதே 14ம் நம்பர் அறை. பகல்ல அங்க படிப்பிக்கிறவைக்கே அவவைத் தெரியும், ஏனெண்டா திங்கக்கிழமை காலமை வந்து பார்த்தா வெள்ளிக்கிழமை விட்டுட்டுப் போனதை விட அறை துப்பரவா இருக்குமாம், கதிரை எல்லாம் அடிமட்டம் வைச்ச மாதிரி நேரா.

பிறின்சிப்பல் தந்தது தமிழில 40 சொல், இங்கிலிசில 40 சொல். பிறேமுக்குள்ள அவ்வளவு தான் இடம். பழைய மாணவன் எண்டு என்னட்ட விட்டுட்டினம். நேற்று இரவு இருந்து “எங்கள் அன்புக்குரிய தமிழ் ஆசிரியை” எண்டு எழுதினன், அதோட நிண்டு போச்சு. அவ எந்த ஊர், அங்க எங்க படிப்பிச்சவ, ஆரோட வந்தவ, கிழமை நாளில என்ன செய்தவ, ஒண்டும் எனக்குத் தெரியாது. பத்து வயசில இருந்து நாலு வருசம் ஒவ்வொரு சனியும் இரண்டரை மணித்தியாலம் அவவுக்கு முன்னால இருந்திருக்கிறன். மண்டைக்குள்ள இருக்கிறது பச்சைப் பேனை, சாம்பல் ஜக்கெற், திருத்தி வாற கொப்பிக்குள்ள ஒட்டியிருக்கிற வெண்கட்டித் தூள். இதை வைச்சு 40 சொல் வராது.

தெரிஞ்சவை தெரிஞ்சதை எழுதுங்கோ. ரீச்சரின்ர பேரை மட்டும் இஞ்ச போட வேண்டாம், அவவின்ர பிள்ளையள் கேட்டுக்கொண்டவை.

ஸ்காபுரோ_பொடியன் | வியாழன் இரவு 10:47

அண்ணா நானும் 14ம் அறை தான்!! 2006 டு 2011. எனக்கு தமிழ் டைப் பன்னுறது கஸ்டம் பிலை இருந்தா சொரி.

எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது பற்பொடி. அவ போர்டுல எழுதுவா, முதல் வரி “தரவு: பல், பொடி”. ரெண்டாவது வரி “நிறுவ வேண்டியது: பற்பொடி”. அப்புறம் “நிறுவல்” எண்டு போட்டு கீழ கோடு. ல் க்கு பிறகு ப வந்தா ல் ற் ஆ மாறும், ஆகவே பற்பொடி, கடைசில ஒரு சின்ன பெட்டி கீறி உள்ள டிக். எல்லா சொல்லுக்கும் அப்படி தான். கல் சிலை கற்சிலை, நாள் காட்டி நாட்காட்டி. மற்ற தமிழ் கிளாஸ் பெடியள் பாட்டு பாடம் ஆக்கிக்கொண்டு இருப்பாங்கள், நாங்கள் மட்டும் நிறுவிக்கொண்டு இருப்பம் 😂

எதிர்க்கட்சி | வியாழன் இரவு 11:30

ஒருத்தராவது உண்மை சொல்ல வேணும் எண்டு எழுதுறன், கோவிக்காதேங்கோ.

எனக்கு அந்த வகுப்பு பிடிக்காது. சனிக்கிழமை காலமை எண்டா மற்றப் பிள்ளையள் கார்ட்டூன், ஹொக்கி, நீச்சல். நாங்கள் மைனஸ் இருபதில அம்மா இழுத்துக்கொண்டு போய் விட்டா ற ர வித்தியாசம். ஒரு சொல் பிழை விட்டா இருபது தரம் எழுத வேணும். அம்மாவுக்கு முன்னால, வரிசையில நிண்ட மற்றத் தாய்மாருக்கும் கேட்க, “இவர் மூளையை வீட்டில வைச்சிட்டு வாறார்” எண்டு சொன்னவ. எனக்கு அப்ப ஒன்பது வயசு. முப்பது வருசம் ஆகப்போகுது, அந்தக் குரல் இன்னும் காதில இருக்கு.

ஒரு ஆள் செத்த உடன எல்லாரும் அன்புக்குரிய ஆக்கிப் போடுவினம். அவ அன்பா இருந்தவ எண்டு எனக்குத் தெரியேல்லை. நேரத்துக்கு வந்தவ, அது சரி.

மதுரைக்காரி | வெள்ளி காலை 7:05

நான் இலங்கை இல்லைங்க, மதுரைப் பக்கம். 2008ல இங்க வந்தோம், பொண்ணு மூணாங்கிளாஸ். அந்த வகுப்புல எங்க வீட்டுப் புள்ளையோட சேர்த்து மூணே பேர்தான் தமிழ்நாடு. முதல் வாரமே அழுதுகிட்டு வந்தா. “அம்மா, அவங்க நோட்டை கொப்பின்றாங்க, ஸ்கேலை அடிமட்டம்ன்றாங்க, சாக்பீஸை வெண்கட்டின்றாங்க, எனக்குத் தமிழே தெரியல”ன்னு.

நான் சண்டை போடத்தான் போனேன், மறைக்கல. அந்தம்மா என்னைப் பார்த்து “இருங்கோ பிள்ளை”ன்னு ஒரு குட்டி நாற்காலியில உக்கார வச்சாங்க. பொண்ணோட நோட்டை எடுத்து பச்சைப் பேனாவுல ரெண்டு கட்டம் போட்டாங்க. ஒண்ணுல “நாங்கள்”, இன்னொண்ணுல “நீங்கள்”. கொப்பி, நோட்டு. அடிமட்டம், ஸ்கேல். இனிமே ஒவ்வொரு வாரமும் இவ “நீங்கள்” கட்டத்தை நிரப்பி வகுப்புக்கே சொல்லிக் குடுக்கணும்னுட்டாங்க. என் பொண்ணு அந்த வருசம் பூரா டீச்சரம்மாதான், வீட்டுல தாங்கல.

அப்புறம் டொரண்டோ சண்டை. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், வேலைக்குக் கிளம்பணும், சாயங்காலம் வந்து எழுதுறேன்.

வாத்தி | வெள்ளி காலை 9:20

நான் இப்பவும் சனிக்கிழமை படிப்பிக்கிறன், வேற பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளையளுக்கு இந்த வகுப்புகள் எப்பிடி வந்தது எண்டு தெரியாது போல, அதால சொல்லுறன். ஒன்ராறியோவில 1977 இல மரபுமொழித் திட்டம் எண்டு ஒண்டு துவங்கினது. துவக்கத்தில இத்தாலியன், போத்துக்கீஸ், உக்ரேனியன் மாதிரியான ஆக்கள் தான் கூட. 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கட சனம் வந்து சேரச் சேரத் தமிழ் வகுப்பும் கூடினது. முதல்ல ஸ்காபுரோவுக்கு எண்டு தனிக் கல்விச்சபை இருந்தது, 1998 இல எல்லாத்தையும் ரொறன்ரோவோட சேர்த்தவை, ரீச்சர் வேலைக்கு வந்ததும் அந்த வருசம் தான்.

இந்த வகுப்புக்குப் படிப்பிக்க இஞ்சத்தைய ஆசிரியர் சான்றிதழ் தேவையில்லை. மணித்தியாலக் கூலி தான், கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம். இதை வைச்சு ஒருத்தரும் சீவிக்கேலாது. கோடையில அதுவும் இல்லை.

@ஸ்காபுரோ_பொடியன் தம்பி, “பிழை”. ழ. ரீச்சர் பார்த்தா இருபது தரம்.

ஸ்காபுரோ_பொடியன் | வெள்ளி காலை 9:24

பிழை பிழை பிழை பிழை பிழை. மிச்சம் 15 பிறகு.

தேத்தண்ணி | வெள்ளி பகல் 1:40

தம்பி பனங்கொட்டை, அது வெண்கட்டித் தூள் இல்லையப்பு. மா.

நானும் அவவும் ஏழு வருசம் ஒரு பாண் பக்ரறியில நைற் ஷிவ்ற். பேர் சொல்ல மாட்டன். இரவு பதினொண்டுக்கு ஏறினா காலமை ஏழுக்கு இறக்கம். எனக்கு பணிஸ் அடுக்கிற வேலை, அவவுக்கு மா குழைக்கிற மெசினுக்குப் பக்கத்தில. இரவு மூண்டு மணிக்கு அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம், எல்லாரும் தலையை மேசையில வைச்சுப் படுத்திடுவம், அவ பையுக்குள்ளால கொப்பிக் கட்டை எடுப்பா. கையைக் கழுவிப்போட்டுத் தான் தொடுவா, ஆனா மா உடுப்பு, தலைமயிர், கண் இமை எல்லாத்திலையும் இருக்கும், அது எங்க போகப்போகுது. “இதென்னக்கா, படுங்கோ கொஞ்சம்” எண்டு கேட்டா “நாளைக்குச் சனிக்கிழமை எல்லோ” எண்டுவா, வியாழக்கிழமையே அப்பிடிச் சொல்லுவா.

சனி காலமை ஏழுக்கு இறங்கி நேரா பஸ். வீட்ட போனா நித்திரை கொண்டிடுவன் எண்டு பயம். லோரன்ஸ் பஸ்ஸில வந்து மார்க்கம் ரோட்டில 102 மாறி எட்டரைக்குப் பள்ளிக்கூடத்து வாசல். அந்தக் கட்டடம் துறக்கிற ஜமேக்காக்கார மனிசன் ஒருத்தர், அவர் எட்டே முக்காலுக்குத் தான் வருவார். அந்தக் கால்மணித்தியாலம் ஸ்னோவுக்குள்ள நிண்டிருக்கிறா. பிறகு அந்த மனிசன் தானாவே எட்டரைக்கு வரத் துவங்கினவர். செத்த வீட்டுக்கு வந்திருந்தவர் அவர், பொல்லு ஊண்டிக்கொண்டு. எங்கட ஆக்கள் கன பேர் வரேல்லை.

எதிர்க்கட்சித் தம்பி, அவ உங்களுக்கு அப்பிடிச் சொன்னது பிழை தான். ஒரு சின்னப் பிள்ளைக்கு அப்பிடிச் சொல்லக் கூடாது. நித்திரை இல்லாத வாய் எண்டு நான் நினைக்கிறன், ஆனா அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்.

பனங்கொட்டை | வெள்ளி பகல் 2:15

அக்கா நான் வேலையிடத்தில இருந்து வாசிச்சனான். பழைய கொப்பி ஒண்டு பேஸ்மென்ற் பெட்டிக்குள்ள கிடக்கு, பின்னேரம் போய்ப் பார்க்க வேணும்.

எதிர்க்கட்சி | வெள்ளி மாலை 5:02

தேத்தண்ணி அக்கா, நன்றி. கோபம் போகேல்லை, ஆனா நன்றி.

மதுரைக்காரி | வெள்ளி இரவு 8:33

சரி, டொரண்டோ கதை. பொண்ணு “நான் டொரண்டோவில் வசிக்கிறேன்”னு எழுதிட்டுப் போனா. பக்கத்துல ஒரு பையன் “ரொறன்ரோ”ன்னு எழுதியிருக்கான். இவ சிரிச்சிட்டா, அவன் அழுதுட்டான். உடனே வகுப்பு ரெண்டா பிரிஞ்சிருச்சு, மூணு பேர் ஒரு பக்கம், இருபத்தஞ்சு பேர் ஒரு பக்கம்.

டீச்சர் ரெண்டையும் போர்டுல எழுதினாங்களாம். எல்லாரையும் இங்கிலீஷ்ல அந்த ஊர் பேரைச் சொல்லச் சொல்லி, நாக்கு எங்க படுதுன்னு விரலை வச்சுப் பாக்கச் சொன்னாங்களாம். ட-வுக்குப் படுற மேலண்ணத்துலயும் படல, த-வுக்குப் படுற பல்லுலயும் படல, நடுவுல ஈறுல படுது. “காற்று, வெற்றி, இதில வாற ற் அந்த இடத்தில தான் பிறக்குது, நாங்கள் அதை அப்பிடியே சொல்லுறம், அதால ற போடுறம். நீங்கள் காத்து எண்டு சொல்லுறபடியா உங்களுக்கு அந்த எழுத்து அங்க தேவைப்படேல்லை, ட போடுறியள்.” இதை எட்டு வயசுப் புள்ளைங்களுக்கு!

எங்க வீட்டு வாயாடி விடுவாளா? “அப்ப முதல் எழுத்து ஏன் மிஸ் ர போடுறீங்க, அது ற-வும் இல்லையே”ன்னு கேட்டிருக்கா. அதுக்கு அவங்க சொன்னது, விதிப்படி பார்த்தா சொல்லுக்கு முதல்ல ட-வும் வராது ர-வும் வராது, ரெண்டு பேரும் பிழை, அதால ரெண்டு பேரும் சமம், இருங்கோ. வீட்டுக்கு வந்து இதைத்தான் ஒரு வாரம் சொல்லிக்கிட்டே திரிஞ்சா. இப்ப அவ வாட்டர்லூல இன்ஜினியரிங் முடிச்சுட்டா, இன்னமும் எதுக்காவது சண்டை வந்தா “ரெண்டு பேரும் பிழை, அதால சமம்”, அந்த யாழ்ப்பாண ராகத்துலயே.

கொடிகாமம்_சந்தை | சனி அதிகாலை 4:18

நோர்வேயில இருந்து. இஞ்ச விடிஞ்சு போச்சு, உங்களுக்கு நித்திரை நேரம்.

ஒரு உறவினர் இந்த இழையின்ர இணைப்பை அனுப்பி “இது உங்கட ரீச்சர் தானே” எண்டு கேட்டவ. முதல்ல இல்லை எண்டு நினைச்சன், ஏனெண்டா எல்லாரும் தமிழ் ரீச்சர் தமிழ் ரீச்சர் எண்டு எழுதியிருக்கிறியள். பிறகு அந்த “தரவு, நிறுவ வேண்டியது, நிறுவல்” வாசிச்ச உடன எனக்குக் கை நடுங்கிப் போச்சு.

அவ தமிழ் ரீச்சர் இல்லை. கணிதம். பலாலி ஆசிரியர் கலாசாலையில கணிதத்துக்குப் பயிற்சி எடுத்தவ. யாழ்ப்பாணத்தில, வலிகாமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில பத்தாம் பதினொராம் வகுப்புக்குக் கணிதம் எடுத்தவ, ஓ எல் பிள்ளையளைப் பாஸ் பண்ண வைக்கிறதெண்டா அவவிட்ட அனுப்பு எண்டுவினம். கேத்திரகணித நிறுவல் எழுதிற முறை தான் அது, தரவு எண்டு ஒரு வரி, நிறுவ வேண்டியது எண்டு ஒரு வரி, அமைப்பு, நிறுவல். பெட்டிக்குள்ள டிக்கும் அவவின்ர தான்.

நான் அதுக்குப் பக்கத்துத் தென்மராட்சி. 95 ஐப்பசி 30 ஆமி கிட்ட வர வலிகாமம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டு மழைக்குள்ளால நாவற்குழிப் பாலத்தால எங்கட பக்கம் வந்தது, வயசான ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கட வளவில மட்டும் ஆறு குடும்பம். அதில ஒண்டு ரீச்சர், தாய், இரண்டு பிள்ளையள். புருசன் இல்லை, அது வேற கதை, பிள்ளையள் விரும்பினா அவை சொல்லட்டும். எனக்கு மார்கழியில ஓ எல் சோதினை எண்டு அம்மா வாயை விட்டுட்டா. அடுத்த நாளே மாமரத்துக்குக் கீழ வகுப்பு. கொப்பி கிடைக்கிறது சரியான கஸ்டம், மண்ணைக் கூட்டிப் பரவி ஈர்க்கால தான் முக்கோணம் கீறினது. இரவில ஜாம் போத்தல் விளக்கு, அடியில பஞ்சு, அதில நனையிற அளவு மண்ணெண்ணை. மண்ணில எழுதின நிறுவலை அழிக்க முதல் ஒருக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேணும். அப்பிடிப் படிச்சது மறக்காது. எனக்குக் கணிதத்தில டி, இஞ்சத்தையப் பிள்ளையளுக்குச் சொல்லுறன் டி எண்டா அங்க அப்ப ஆகக் கூடின சித்தி, சிரிக்கக் கூடாது.

அவ கனடாவில இருக்கிறா எண்டு தெரியும். தமிழ் படிப்பிச்சவ எண்டு இண்டைக்குத் தான் தெரியும்.

ஸ்காபுரோ_பொடியன் | சனி காலை 8:50

வெயிட். வெயிட்.

ஒரு விசயம் நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை ஏன் எண்டா எனக்கு விளங்கேல்லை. 2009 மே. அந்த மாசம் அப்பா அம்மா எல்லாம் ஒவ்வொரு நாளும் டவுன்டவுன்ல ப்ரொடெஸ்ட், கார்டினர் ஹைவேயை மறிச்சது எல்லாம் அப்ப தான். எல்லாம் முடிஞ்ச பிறகு வந்த சனி, 23ம் திகதி. கிளாஸ்ல பாதிப்பேர் இல்லை. ரீச்சர் வந்தா. இடாப்பு கூப்பிட்டா. அதுக்கப்புறம் புத்தகம் எடுக்க சொல்லல. போர்டுக்கு திரும்பி நிண்டு “பதின்மூண்டாம் வாய்ப்பாடு” எண்டா. நாங்கள் எல்லாம் முழிச்சம், தமிழ் கிளாஸ்ல என்ன டைம்ஸ் டேபிள் எண்டு. அவ சொல்ல நாங்கள் சொன்னம். பதின்மூண்டு ஒண்டு பதின்மூண்டு. பதின்மூண்டு இரண்டு இருபத்தாறு. பன்னிரண்டு மட்டும் போய் திரும்ப முதல்ல இருந்து. இரண்டரை மணித்தியாலமும் அது தான், பதினாலு பதினைஞ்சு கூட போகல. பதின்மூண்டு மட்டும். பதின்மூண்டு ஏழு தொண்ணூற்றொண்டு அந்த இடத்துல ஒவ்வொரு தரமும் கொஞ்சம் நிப்பாட்டுவா.

எனக்கு 11 வயசு. வீட்ட போய் அம்மாட்ட சொன்னன், அம்மா கேக்கிற நிலைமைல இல்லை.

தேத்தண்ணி | சனி காலை 9:31

அவவின்ர தம்பி குடும்பம் வன்னிக்குள்ள. அதுக்கு மேல நான் எழுதேல்லை.

வாத்தி | சனி காலை 11:55

வகுப்பு முடிச்சிட்டு வந்து இப்ப தான் எல்லாம் வாசிச்சன்.

உண்மையைச் சொன்னா எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. பத்து வருசம் நாங்கள் ஒரே கூட்டங்களுக்குப் போயிருக்கிறம், புத்தகக் குழுவில பக்கத்தில பக்கத்தில இருந்திருக்கிறம், இலக்கணத்தில சந்தேகம் வந்தா நான் அவவைத் தான் கேட்பன். அவ ஒரு நாளும் “நான் தமிழ் படிச்சவ இல்லை” எண்டு சொன்னதில்லை. படிச்சவ எண்டும் சொன்னதில்லை தான். இப்ப யோசிச்சா, ஒன்பதுக்கு ஒரு பாடம் வைச்சிருந்தவ. எட்டு எண்பது எண்ணூறு ஒழுங்கா வருது, ஒன்பது மட்டும் ஏன் தொண்ணூறு, தொள்ளாயிரம் எண்டு ஓடுது? ஒன்பதுக்குப் பழைய பேர் தொண்டு, தொல்காப்பியத்தில இருக்கு, அதின்ர வால் தான் தொண்ணூறிலயும் தொள்ளாயிரத்திலயும் ஆடுது எண்டு விளங்கப்படுத்துவா. எங்களுக்கு அது ஒரு சுவாரசியமான துணுக்கு, அவ அதைச் சொல்லேக்க முகம் வேற மாதிரி இருக்கும். இப்ப விளங்குது, கணக்குக் காரிக்கு எண் எண்டா அப்பிடித் தான் இருக்கும்.

எதிர்க்கட்சி | சனி பகல் 12:20

அப்ப நான் நினைச்சது சரி, அவ தமிழ் படிப்பிக்கத் தெரியாம எங்களில பழகினவ 😏

தேத்தண்ணி | சனி பகல் 12:58

தம்பி, அவ முதல் வருசம் பூரா பக்ரறிச் சாப்பாட்டு அறையில இலக்கணப் புத்தகம் வைச்சுப் படிச்சதை நான் கண்ணால கண்டனான். லைப்ரரித் தமிழ்ப் பகுதியில எடுத்தது, பின்னால தவணைத் திகதி சீல் குத்தினது. “சனிக்கிழமை இதைக் கேட்பினம், நான் முதல்ல விளங்க வேணும்” எண்டு. குற்றியலுகரத்தில ஒரு மாதம் நிண்டா.

இஞ்ச கணிதம் படிப்பிக்க ஏன் போகேல்லை எண்டு நானும் கேட்டனான். சான்றிதழை மூலமா, படிச்ச இடத்தில இருந்து நேர அனுப்பச் சொல்லித் தான் இஞ்ச கேட்கிறது. அவவின்ர கடதாசி எல்லாம் விட்டுட்டு வந்த வீட்டு அலுமாரிக்குள்ள. வீடு பிறகு கூரையும் இல்லை. பலாலிப் பக்கமோ ஆமிக்குள்ள, ஆர் போய் ஆரிட்டக் கடிதம் எடுக்கிறது. இரண்டு தரம் எழுதிப் பார்த்தவ, மூண்டாந்தரம் எழுதேல்லை. பேப்பர் கேட்காம “ரீச்சர்” எண்டு கூப்பிடுற இடம் இந்தச் சனிக்கிழமை வகுப்பு ஒண்டு தான் இருந்தது, போனா. எனக்குத் தெரிஞ்சே டாக்குத்தர் ஒருத்தர் ராக்சி ஓடினவர், இது ஒரு புதினமே.

மதுரைக்காரி | சனி பகல் 1:30

அக்கா, என் பொண்ணுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. “அம்மா, பன்னெண்டாங்கிளாஸ்ல எனக்கு கால்குலஸ் வரலன்னு சும்மா பாக்கப் போனப்ப அவங்ககிட்டச் சொன்னேனே, அப்ப ஏன் அவங்க ஒண்ணும் சொல்லல?”ன்னு. அதுக்கப்புறம் அவளே, “இல்லம்மா, சொன்னாங்க. என் பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு மூணாவது வரியில குறி மாறிப் போச்சுன்னாங்க. நான் சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து பாத்தா மாறித்தான் இருந்துச்சு”ன்னா.

வல்லிபுரம் | சனி மாலை 3:10

இடையில ஒரு சரித்திரக் கிறுக்கன். உடுவில் பெண்கள் பள்ளிக்கூடம் 1824 இல துவங்கினது. 1840 இல நியூயோர்க்கில பிறந்த எலைசா அக்னியூ எண்ட அம்மையார் யாழ்ப்பாணம் வந்து உடுவிலுக்குப் பொறுப்பா நாற்பது வருசத்துக்குக் கிட்ட இருந்தவ. ஒருக்காலும் ஊருக்குத் திரும்பிப் போகேல்லை, 1883 இல மானிப்பாயில செத்தவ. ஆயிரத்துக்கு மேல பெட்டையள் அவவிட்டப் படிச்சவை. இண்டைக்கும் உடுவில்ல படிச்ச கிழவியளுக்கு அந்தப் பேர் தெரியும். அங்கால இருந்து இஞ்சால வந்தவவுக்கு அவ்வளவு மரியாதை குடுத்த ஊர் எங்கட. இஞ்சால இருந்து அங்கால போனவவுக்கு 40 சொல் பிறேம். பரவாயில்லை, கட்டாயம் கொழுவுங்கோ.

அக்னியூ அம்மையார் மிசனோட வந்தவ, சம்பளம், வீடு, வேலைக்காரர் இருந்தது, பாண் சுடேல்லை எண்டதையும் கணக்கில எடுக்க வேணும்.

பனங்கொட்டை | சனி இரவு 9:45

எல்லாருக்கும் நன்றி. பேஸ்மென்ற்றில கொப்பி கிடைச்சது. 1999. விரிச்சு மூக்குக்குக் கிட்டப் பிடிச்சன், பழைய கடதாசி மணம் தான் வந்தது, இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு வேறென்ன வரும். ஆனா தையல் போட்ட நடுப் பக்கத்தில நூலுக்குள்ள வெள்ளையா கொஞ்சம் இறுகிப் போய் இருக்கு. சுரண்டேல்லை.

இப்ப பிரச்சினை வேற. முதல் எழுத ஒண்டும் இல்லை, இப்ப 40 சொல்லுக்குள்ள அடங்குதில்லை. அதோட ஒரு கேள்வி, கணித ஆசிரியர் எண்டு போடுறதோ விடுறதோ? அவ இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லாததை நாங்கள் சுவரில எழுதலாமோ?

வாத்தி | சனி இரவு 10:20

போட வேண்டாம் எண்டு தான் நான் முதல்ல நினைச்சன். தமிழ் வகுப்புச் சுவரில தமிழ் ஆசிரியர் எண்டு இருந்தா காணும் எண்டு. ஆனா நாளைக்கு அந்தச் சுவருக்கு முன்னால ஒரு சிரியாப் பிள்ளையோ ஆப்கான் பிள்ளையோ நிண்டு இங்கிலிஸ் பகுதியை வாசிக்கும், அதின்ர தாய் எங்கேயோ கோழிப் பக்ரறியில நிப்பா. போடுங்கோ. பிள்ளையளிட்ட ஒரு சொல் கேட்டுப்போட்டு.

எதிர்க்கட்சி | சனி இரவு 10:41

“அன்புக்குரிய” வேண்டாம். மற்றது என்னவும் போடுங்கோ. பிறேம் செலவில ஒரு பங்கு நான் தாறன், பேர் போடத் தேவையில்லை.

மதுரைக்காரி | சனி இரவு 11:02

ஊர் பேர் எப்படி எழுதப் போறீங்க? டொரண்டோவா ரொறன்ரோவா? 😄 மறுபடி சண்டை வரும். அந்த ஊருக்குள்ளயே மாட்டுற படத்துக்கு ஊர் பேர் எதுக்குங்க, விட்ருங்க.

பனங்கொட்டை | ஞாயிறு இரவு 8:15

ரீச்சரின்ர மகளோட கதைச்சனான். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு “கணிதம் எண்டு கட்டாயம் போடுங்கோ, அம்மாவுக்குப் பிடிக்கும், சொல்ல மாட்டா ஆனா பிடிக்கும்” எண்டா. பதின்மூண்டாம் வாய்ப்பாட்டைப் பற்றியும் கேட்டன். அவவுக்கும் தெரியாது.

கடைசியா வந்தது இது தான். எண்ணிப் பாருங்கோ, 40 க்குள்ள நிக்குது:

“யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர். 1998 முதல் 2017 வரை 14ஆம் அறையில் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பித்தார். இரவில் பாண் சுட்டார். பச்சைப் பேனையால் திருத்தினார். பல்லும் பொடியும் பற்பொடி ஆவதை நிறுவிக் காட்டினார். இந்தப் படம் அவரிடம் தமிழ் பாடம் படித்தவர்கள் வைத்தது.”

அச்சடிக்கிற கடைக்கு அனுப்பியாச்சு. செவ்வாய்க்கிழமை தருவினம்.

கொடிகாமம்_சந்தை | திங்கள் அதிகாலை 3:50

நல்லா இருக்கு தம்பி. கொழுவின பிறகு ஒரு படம் எடுத்து இஞ்ச போடுங்கோ.

ஸ்காபுரோ_பொடியன் | திங்கள் காலை 7:12

அண்ணா. சொரி. கடைசி வரி. தரவு: தமிழ், பாடம்.

பனங்கொட்டை | திங்கள் காலை 7:14

ஐயோ.

வாத்தி | திங்கள் காலை 7:30

நான் மூண்டு தரம் வாசிச்சனான், கண்ணில படேல்லை. வெட்கமா இருக்கு.

பனங்கொட்டை | திங்கள் காலை 9:06

கடை துறந்த உடன போன் பண்ணிட்டன். இன்னும் அடிக்கேல்லையாம். ப் போட்டாச்சு. கடைக்காரன் எங்கட ஆள் தான், “ஒரு ப் க்கா அண்ணை இந்தக் காலமை எழுப்பினனீங்கள்” எண்டு கேட்டான். நீ எந்தப் பள்ளிக்கூடத்தில சனிக்கிழமை படிச்சனி எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு “14ம் அறையோ?” எண்டான்.